கொடிக்கால் நிழலில் பார்த்த கல்

கௌசல்யாவுக்கும், அவளோடு இந்த மாதம் வைரக் கவுன்ட்டரில் சேர்ந்திருக்கும் மற்ற நாலு பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நாலு வார்த்தையைத்தான் இப்போது எழுதுகிறேன். நாலோடு நிற்காது. ஒன்பதாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் பற்றவைக்கப் போனவன், அங்கிருந்து நகைக்கடைக்கு வந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வைரத்துக்கு நாலு குணம் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எடை, நிறம், சுத்தம், கட். நிறமும் சுத்தமும் பூமி கொடுத்தது. எடையைத் தராசு சொல்லிவிடும். கட் மட்டும் மனுஷன் கை பட்டை தீட்டிச் செய்தது. அதை மனுஷன் கண்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் எங்கே வைத்துப் பார்ப்பது? தலையை நிமிர்த்தி நம் கவுன்ட்டருக்கு மேலே பாருங்கள். சின்னச் சின்னதாக எத்தனை விளக்குகள்! அதற்குக் கீழே சோடா பாட்டில் சில்லை வைத்தாலும் மின்னும். அவை விற்பதற்காகப் போட்ட விளக்குகள். நாம் பார்ப்பதற்காகப் போட்டவை அல்ல. இருபது வருடம் கவுன்ட்டரில் நின்ற பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. அதுவும் கடையில் இல்லை. பரமத்தி வேலூரில், ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள், வெறுங்காலோடு நின்றபோது! நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். ஆள் வாட்டசாட்டம். வடநாடெல்லாம் சுற்றிப் போர் போட்டு வந்தவன். ஆனால் கவுன்ட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, நிச்சயத்துக்கு மோதரமுங்க. வைரத்துல. பொண்ணுக்குத் தெரியாம எடுக்கோணும்."

"விரல் அளவு?"

சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்தான். "அவ தங்கச்சி அளந்து குடுத்துச்சுங்க. அதுக்கு ஒரு செல்போன் கவர் லஞ்சம்."

இரண்டு கல் எடுத்து வைத்தேன். ஒன்று முப்பத்துநாலு சென்ட், இன்னொன்று நாற்பது; நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு காரட். நிறமும் சுத்தமும் இரண்டுக்கும் ஒன்று. விளக்குக்குக் கீழே இரண்டும் கண்ணைப் பறித்தன.

"எதுங்கண்ணா பெருசு?"

"எடையில இது. நாப்பது."

"அப்ப அதேதானுங்க. எங்க சித்தப்பனுங்க எதுக்கும் எத்தன அடின்னுதான் மொதல்ல கேப்பாங்க. நாப்பதுன்னு சொன்னாத்தான் மதிப்பு."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த இரண்டு கல்லையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அகலம். இம்மியளவு வித்தியாசம் இல்லை. அப்படியானால் மீதி ஆறு சென்ட் எங்கே போனது? அந்தக் கேள்வி ஒரு நொடி என் மனதில் எட்டிப் பார்த்தது. நான் அதை உட்காரச் சொல்லவில்லை. முகூர்த்த சீசன், பின்னால் கூட்டம், கல் மின்னுகிறது, பையன் முகம் மலர்ந்திருக்கிறது. கல்லோடு வந்த சீட்டிலும் எடை, நிறம், சுத்தம் மூன்றுதான் இருந்தன. கட் பற்றி ஒரு வரி இல்லை. நாற்பதை மோதிரத்தில் பதித்துக் கொடுத்து அனுப்பினேன்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் போன் வந்தது.

"அண்ணா, எல்லாம் போச்சுங்கண்ணா!"

பெண் வீடு பரமத்தி வேலூரில். அவர்களுக்கு ஒரு பழக்கம். வைரம் எதுவாக இருந்தாலும் போடுவதற்கு முன் மூன்று நாள் சாமி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளுமா, ஒத்துக்கொள்ளாதா என்று. அதற்காகப் பையனின் அம்மாவே மோதிரத்தை முன்கூட்டியே கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதைப் பெண்ணின் தாய்மாமன் எடுத்துப் பார்த்திருக்கிறார். கல்லுக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். "தோசமுள்ள கல்லு. இத எங்க புள்ள வெரல்ல போட முடியாது. இப்பிடிக் கல்ல அனுப்பற எடத்துல பொண்ணுக் குடுக்கறதா வேண்டாமான்னு உக்காந்து பேசோணும்" என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் மேனேஜர் சாதாரணமாகச் சொன்னார்: "வேற மோதிரம் மாத்திக் குடுத்து அனுப்பிடலாம், விடுங்க."

எனக்கு அது சரியாகப் படவில்லை. மோதிரத்தை மாற்றலாம். ஆனால் 'தோஷக் கல் கொடுத்த மாப்பிள்ளை' என்ற பேச்சை எதைக் கொடுத்து மாற்றுவது? அந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் கால் சுளுக்கினால்கூட இந்தக் கல்லைத்தான் சொல்வார்கள். "நான் நேர்ல போயிட்டு வந்துடறேன்" என்றேன். கடைக் கார், கூட ஒரு செக்யூரிட்டி. பொட்டலத்தில் மூன்று கல் எடுத்துக்கொண்டேன். பையன் வேண்டாம் என்று தள்ளிவைத்த அந்த முப்பத்துநாலு ஒன்று. சுமாரான கல் ஒன்று. மூன்றாவதை மேனேஜர் சேர்த்துவிட்டார். தட்டையாக, அகலமாக, பார்க்கப் பெரிதாக இருக்கும் கல்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி வாசலில் மாப்பிள்ளைப் பையன் நின்றுகொண்டிருந்தான். நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டுப் படி ஏறினால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று அங்கேயே நின்றுவிட்டானாம். முன்னால் ஒரு தேங்காய் பன் கடிக்காமல் கிடந்தது.

"அண்ணா, எப்பிடியாச்சுங்க…"

"பன்னைச் சாப்பிடு தம்பி. வாரேன்."

வாய்தான் சொன்னது. கை பொட்டலத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

வீடு தோட்டத்துக்குள். வீட்டுக்குப் பின்னாலேயே கொடிக்கால். மாமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா, அம்மா, இரண்டு உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும் முன்பே மாமன் மோதிரத்தை என் கையில் வைத்தார்.

"நல்லாப் பாருங்க. பாத்துப்போட்டு நீங்களே சொல்லுங்க."

நம் விளக்குகள் இல்லாத இடத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கல்லைப் பார்த்தேன். நடுவில் ஆணித்தலை மாதிரி கறுத்துக் கிடந்தது. லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. அந்த ஆறு சென்ட் எங்கே போனது என்று என் கையிலேயே பதில் இருந்தது. அடிவயிற்றுக்குப் போயிருந்தது! எடை குறையக் கூடாது என்று அடிப்பக்கத்தை ஆழமாக விட்டுப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். மேலிருந்து இறங்கின வெளிச்சம் திரும்பி வர வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடிவிட்டது.

"இது தோஷம் இல்லீங்க" என்றேன். "கல்லுக்குள்ள புள்ளி, கீறல் எதுவுமில்லீங்க. பட்டை தீட்டினது சரியில்ல. அதனால நடுவுல இருட்டாத் தெரியுது."

"சரிங்க. அப்ப இது தெரிஞ்சு குடுத்தீங்களா, தெரியாம குடுத்தீங்களா?"

தெரிந்து என்றால் நான் திருடன். தெரியாமல் என்றால் நான் இத்தனை வருடம் அந்தக் கவுன்ட்டரில் எதற்கு நின்றேன்? எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு நல்ல பொய் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கிடைக்கவில்லை.

"பாக்க வேண்டிய மாதிரி பாக்காம குடுத்துட்டேனுங்க. மாப்பிள்ளை மேல தப்பில்லை. தப்பு எம்மேல."

மாமன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "வாயில சொல்லிப்போடலாமுங்க. உங்குளுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. பிளஸ் டூ படிக்குது."

"கல்லு மேல தோசமில்லைங்கறீங்க. இதே கல்ல உங்க புள்ளைக்குப் போடுவீங்களா?"

"போடுவேனுங்க" என்றேன். "அடிவயித்தைக் கொறைச்சுத் திரும்பப் பட்டை தீட்டிட்டுப் போடுவேன்."

நான் அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்தேன். இடுக்கியில் முப்பத்துநாலை எடுத்து, "இதைப் பாருங்க, இதுதான் சரியான கட்" என்று நீட்டினேன்.

அஞ்சு தலை ஒன்றாகக் குனிந்தது. மாமன் மூக்கு கல்லில் இடிக்கும் போல இருந்தது.

"ஏனுங்க," என்றார் அவர் நிமிராமலே, "இதுவும் கறுப்பாத்தானுங்க கெடக்குது!"

நானும் குனிந்து பார்த்தேன். உண்மை. இருண்டுதான் இருந்தது! இது நல்ல கல் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கண்ணுக்கு முன்னால் கறுத்துக் கிடக்கிறதே! "சேலத்துக்காரரு கடைப் பூராவும் கறுப்புத்தானாட்டம்" என்று உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நின்னா எந்தக் கல்லுதான் மின்னும்?"

கல்யாணப் பெண். கல்லூரி முடித்த பெண். ஆனால் காலையில் அம்மாவோடு சேர்ந்து வெற்றிலை தரம் பிரித்து அடுக்கிவிட்டுத்தான் வேறு வேலை. அன்றைக்கும் விரலெல்லாம் இலைச் சாறு பச்சை.

"நீ சும்மா இரு அம்மிணி. கிட்டப் பாத்தாத்தான் தெரியும்."

"மோதரம் வெரல்ல போடறதுங்க மாமா. மூக்குல இல்ல."

"ஏன், வைர மூக்குத்தி ஆரும் போடறதில்லியா?"

"போடறாங்க. அத மூக்குகிட்ட மூக்க வெச்சா பாக்கறீங்க?"

அவளுடைய அப்பா சிரித்துவிட்டார். மாமனுக்கும் மீசைக்குள் லேசாகச் சிரிப்பு ஆடியது. அவள் என்னைப் பார்த்தாள். "நாங்க எல தரம் பிரிக்கறப்ப கையெட்டற தூரத்துல, மர நெழல்ல வெச்சுத்தானுங்க பாப்போம். மொகத்துகிட்ட கொண்டாந்தா எல்லா எலயும் ஒண்ணாட்டந்தான் தெரியும். கொடிக்காலுக்குள்ள கொண்டு போயிப் பாக்கலாமுங்களா?"

எனக்குத் தலையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. பிள்ளைகளே, வைரம் தனக்கென்று வெளிச்சம் வைத்திருக்கவில்லை. முன்னால் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கிறது. நல்ல கட் என்றால் இன்னும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும். அஞ்சு கறுத்த தலை அதன் மேல் குனிந்தால், அந்தத் தலைகளைத்தான் காட்டும்! அந்தக் கல் இருட்டாக இல்லை. எங்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் எழுந்தோம். கொடிக்கால் கோயில் மாதிரி, உள்ளே செருப்புப் போட்டு நுழையக் கூடாது. நான் ஷூவைக் கழற்றினேன், செக்யூரிட்டியும் கழற்றினார். சாக்ஸைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வரப்பில் கால் வைத்தால் சில்லென்று ஈரம். வரிசையாக அகத்தி மரங்கள், அதைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடி. அகத்திக்குப் பொடி இலை. அதன் வழியாக விழும் வெயில் தரையெல்லாம் பொட்டுப் பொட்டாக, காற்றடித்தால் அந்தப் பொட்டுகளும் அசையும். இருபக்கமும் வாய்க்கால் சேறு. ஒரு கல் நழுவினால் போச்சு, சேற்றைச் சலித்தாலும் கிடைக்காது.

"மாமா, துண்ட விரிங்க" என்றாள் பெண்.

அத்தனை நேரம் என்னை உருட்டிக்கொண்டிருந்தவர், தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர் மாதிரி. அவள் ஒரு பெரிய வெற்றிலையைக் கிள்ளி, பின்பக்கத்தைத் திருப்பித் துண்டின் நடுவில் வைத்தாள். மூன்று கல்லையும் நான் நரம்புகளுக்கு இடையே வரிசையாக வைத்தேன், முப்பத்துநாலை இரண்டாவதாக. கடைசியில் அந்த மோதிரத்தையும் வைத்தேன். எதன் எடையையும் நான் சொல்லவில்லை.

"எல்லாரும் ஒரு அடி பின்னால போங்க" என்றேன்.

பின்னால் போனார்கள். காற்று அடித்தது. வெயில் பொட்டுகள் இலை மேல் ஓடின.

ஐயோ, அதை எப்படி எழுதுவது! முப்பத்துநாலு உயிர் பிடித்து எழுந்தது. ஒரு பொட்டு வெயில் பட்டதும் நீலம், அடுத்த நொடி ஆரஞ்சு, பிறகு வெள்ளையாக ஒரு வெட்டு. ஓரம், நடு என்று வித்தியாசமில்லாமல் முழுக் கல்லும் துடித்தது. பக்கத்தில் அந்தத் தட்டைக் கல் அகலமாகப் படுத்துக்கிடந்தது. அதற்குள் வெற்றிலைப் பச்சையே தெரிந்தது. அடி ஆழமில்லாததால் வெளிச்சம் நேராகக் கீழே ஒழுகிவிட்டது. சுமாரான கல் ஒரு தடவை மின்னி ஒரு தடவை தூங்கியது. மோதிரத்தில் இருந்த நாற்பது, ஓரத்தில் ஒளி, நடுவில் இருட்டு. வெயில் அசைந்தும் அது அசையவில்லை.

மாமன் துண்டைப் பிடித்தபடியே, "இதேனுங்க, அந்த ரண்டாவது இப்பிடி ஆடுது!" என்றார்.

"அதே கல்லுதானுங்க, வாசல்ல நீங்க கறுப்புன்னு சொன்னது."

அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். கல் இருண்டது. நிமிர்ந்தார். மின்னியது. மறுபடி குனிந்தார், நிமிர்ந்தார். நாலைந்து தடவை. சின்னப் பிள்ளை மாதிரி. எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

"அம்மிணி, நீ சொல்லு சாமி. ஒனக்கு எது?"

"ரண்டாவதுங்க மாமா. அந்தப் பெருசு தண்ணியாட்டம் இருக்குது. இது ஏதோ பேசுது."

அப்போதுதான் எடையைச் சொன்னேன். இருப்பதிலேயே குறைந்தது. மாப்பிள்ளை முதலில் பார்த்து வேண்டாம் என்று வைத்தது. மாமன் உடனே பேக்கரியில் நின்ற மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாப்ள, கல்லு கெடச்சிருச்சு. ஆனா நாப்பது இல்ல, முப்பத்துநாலுதான்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "கொறைஞ்சு போச்சுங்களா மாமா? எங்க சித்தப்பங்க…"

பெண் போனை வாங்கினாள். "உங்க சித்தப்பாருங்ககிட்டச் சொல்லுங்க. போரு ஆழமாப் போனா தண்ணி வரும். கல்லு ஆழமாப் போனா இருட்டுத்தான் வரும்."

பையன் சொன்னான்: "சரிங்க." அத்தனை பணிவாக ஒரு 'சரிங்க' நான் கேட்டதில்லை. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். கல் நாலையும் அவர் போனை எடுக்கும் முன்பே நான் பத்திரப்படுத்தியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மூணு நாள் சாமிகிட்ட வெக்கோணுமே, அதுக்கு எங்க நேரம்?" என்றார் பெண்ணின் அம்மா.

"செருப்பில்லாம கொடிக்காலுக்குள்ள வந்த கல்லு, சாமிகிட்ட வெச்ச மாதிரிதான். ஒரு நாள் வெச்சாப் போதும்" என்று மாமனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைக்கு வந்ததும் நாற்பதைக் கழற்றினோம். அதே மோதிரம், அதே குழி, அதே நாலு கொக்கி. முப்பத்துநாலு கச்சிதமாக உட்கார்ந்தது. மோதிரத்தில் நூலளவுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மேலே ஒரே அகலம் என்று முதல் நாளே பார்த்தேனே, அந்தக் கேள்வியை அன்றே உட்கார வைத்திருந்தால் எல்லாம் கவுன்ட்டரிலேயே முடிந்திருக்கும். நிச்சயம் குறித்த நேரத்தில் நடந்தது. நானும் போயிருந்தேன். மேடையில் வீடியோ விளக்கு வெளுத்துக் கட்டியது. மோதிரம் போட்டதும் அந்தப் பெண் விரலை விளக்கில் காட்டவில்லை. பந்தல் ஓரத்து நிழலுக்குக் கையை நீட்டிப் பார்த்தாள். கூட்டத்தில் என்னைத் தேடித் தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து எந்த நிச்சயதார்த்த மோதிரமாக இருந்தாலும் கடை வாசல் புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய்க் காட்டாமல் நான் விற்றதில்லை. செக்யூரிட்டி கூடவே நிற்பார். அதனால்தான் அந்த மரத்தடியில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. யாரோ மறந்து விட்டுப்போனதென்று நினைத்து நீங்கள் அதை உள்ளே எடுத்துவைத்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எடுக்காதீர்கள். இரண்டு கல்லை எடுத்து வைத்தால் எடையைக் கேட்கும் முன் அகலத்தைப் பாருங்கள். அகலம் ஒன்றாக இருந்து எடை கூடியிருந்தால், கூடினது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். கையை நீட்டிப் பாருங்கள். தலையை விலக்குங்கள். வாடிக்கையாளர் தலையையும் மரியாதையாக விலக்கச் சொல்லுங்கள்.

இனி கௌசல்யாவுக்கு மட்டும்.

அந்த நாற்பது சென்ட் கல்லை முதலாளியிடம் கேட்டு நானே எடுத்துக்கொண்டேன். சூரத்துக்கு அனுப்பி அடிவயிற்றைக் குறைத்துப் பட்டை தீட்டி வாங்கினேன். ஏழு சென்ட் போனது. அகலம் அப்படியே இருக்கிறது. நடுவில் இருந்த கறுப்பு போய்விட்டது. போன ஆவணியில் உன் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார், "கல்லை நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்க" என்றார்களே, அப்போது எடுத்துக் கொடுத்தது அதைத்தான். மாப்பிள்ளையிடம் முழுக் கதையும் சொல்லி, அவர் சிரித்துச் சம்மதித்த பிறகுதான் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் நீ முதலில் கல்லைப் பார்க்க வேண்டும், கதையை அல்ல. நீயும் அதைப் போட்ட நிமிஷமே கையை நீட்டி, "அப்பா, என்னமா துடிக்குது பாருங்க!" என்று கத்தினாய்.

வேலூர் மாமனுக்கு அன்றைக்குக் கொடுத்த வார்த்தை, கண்ணு. நாளைக்குக் கடை திறந்ததும் புங்கமரத்தடிக்குப் போய் இன்னொரு தடவை கையை நீட்டிப் பார்.